ஓடைக்கரையில சொல்லாத பேச்சு

இவன் பேரை மட்டும் இப்ப கேக்காதீங்க அக்கா. மத்ததெல்லாம் கேளுங்க, சொல்றேன். ஒன்பது மாசம் முடிஞ்சுபோச்சு. கீழ ரெண்டு பல்லு. ராகிக் கூழ் கரைச்சுக் குடுத்தா குடிக்கறான். புது ஆளுன்னா அழமாட்டான், பாருங்க, உங்க வளையலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்.

நீங்க பிள்ளை எடை பாக்க வர்ற நர்சம்மான்னு நெனச்சுட்டேன். அதான் ஓடிப்போய் இவன் மூஞ்சியைத் தொடச்சுத் தூக்கிட்டு வந்தேன். அப்புறந்தான் பாத்தேன், உங்க கையில தராசு இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டி ஒண்ணு நிக்குது. உள்ள ஒரு வெள்ளைச் சட்டை. தலை குனிஞ்சே இருக்கு. நீங்க யாருன்னு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா. சர்வேயர் சார் வீட்டுக்காரம்மா. கோகிலாக்கா. அரிசியை மூணு தண்ணியில கழுவுவீங்க, நாலாவது தண்ணியை ரோஜாச் செடிக்கு ஊத்துவீங்க. எல்லாம் சொல்லியிருக்கார்.

உக்காருங்க. அத்தை, இவன் அப்பனைப் பெத்தது, கிழங்கு தோண்டப் போயிருக்கு. அது இருந்தா என்னைப் பேச விடாது. நானும் பேசமாட்டேன். "உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு அத்தை தெனம் கேக்கும். எங்க பேச்சு வேற. உங்க பேச்சு நான் கீழ ஆஸ்டல்ல அஞ்சாவது வரைக்கும் இருந்து படிச்சது. அங்கயும் பேசமாட்டேன். கணக்கு டீச்சர் என்னை ஊமைன்னு நெனச்சு ரெண்டு மாசம் கையாலயே பேசினாங்க.

என்ன பண்ணீங்க அவரைன்னு கேக்கறீங்க. ஒரு குறையும் வைக்கல அக்கா. இவன் மேல ஆணை.

மொதல்லருந்து சொல்றேன். எங்க ஊர் ஏழடுப்பு. ஏழு வீடுன்னு நெனச்சுக்காதீங்க, நாப்பத்தாறு வீடு. அடுப்புன்னா எங்களுக்கு வம்சம். இந்த மலையை மிருகங்களுக்கு விட்டுட்டு நீங்க கீழ இறங்குங்கன்னு சர்க்கார்ல சொன்னாங்க. ஊர் கூடி, இறங்கமாட்டோம், எங்க காட்டுல எது நடந்தாலும் எங்க சபையைக் கேட்டுத்தான் நடக்கணும்னு முடிவு பண்ணினாங்க. அதை எழுதி ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லு நட்டோம். வரும்போது பாத்திருப்பீங்களே, வெள்ளைப் பெயிண்ட். "இது எங்க ஊர். எங்களைக் கேக்காம உள்ளே வரக்கூடாது. எங்களைக் கேக்காம எங்களை எண்ணக்கூடாது."

அது என் கையெழுத்துதான்.

ஊர்ல எழுதத் தெரிஞ்சது நான் ஒருத்தி. எட்டு மாச வயித்தோட மண்ணுல உக்காந்து எழுதினேன். இவன் பொறந்து ரெண்டு மாசம் கழிச்சு போலீஸ் வந்துச்சு. யார் எழுதினதுன்னு கேட்டாங்க. நான் வாசல்லதான் நின்னேன், பால் குடுத்துக்கிட்டு. வாயைத் திறக்கறதுக்குள்ள இவன் அப்பன், "நான்தான் எழுதினேன்"னு முன்னாடி போய் நின்னுக்கிட்டார். அவருக்கு ஒரு எழுத்து தெரியாது அக்கா. ஒரு தாளைக் குடுத்து எழுதச் சொல்லியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். யாரும் குடுக்கல. அவரையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நான் சொல்லியிருக்கலாம். வெக்கம். அத்தனை ஆம்பளைங்க நிக்கறாங்க, மாரு மூடாம நான்.

அதுக்கு நாலாவது நாள் உங்க வீட்டுக்காரர் வந்தார். கூட ஒருத்தருமில்ல. தோள்ல சங்கிலி, கையில மேப்பு, பெரிய கண்ணாடி. கல்லைப் படிச்சார். படிச்சுட்டு கும்பிட்டுட்டு உள்ள வந்துட்டார்! வீட்டுக்கு வீடு சாக்பீஸ்ல நம்பர் போட ஆரம்பிச்சார். ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டார். நாலாவது எங்க வீடு.

எங்க பையன்கள் சுத்திக்கிட்டாங்க. அப்பவும் அவர் கத்தல. "தம்பி, எனக்குக் குடுத்த வேலைப்பா"ன்னார். ஒருத்தன் கட்டையை ஓங்கிட்டான். அப்ப அத்தைதான் உள்ளருந்து ஓடிவந்து, அடுப்புல கையை விட்டு ஒரு பிடி சாம்பலை அள்ளி அவர் நெத்தியில பூசிடுச்சு. "இவன் இப்ப என் அடுப்பு. என் அடுப்பு மேல கை வைக்கறவன் வைடா பாக்கலாம்"னுச்சு. அவ்வளவுதான். கட்டை கீழ விழுந்துடுச்சு. நெத்தியில சாம்பல் ஏறினவன் அந்த அடுப்பு ஆளு, அடுப்பாள். அவனை யாரும் தொடமுடியாது.

நீங்க அத்தைக்கு ஒரு கும்பிடு போடணும் அக்கா, நியாயமாப் பாத்தா. போடலைன்னாலும் பரவாயில்ல.

எங்க ஊர்த் தலைவர், மூப்பர், வந்து சபை கூட்டினார். சர்க்கார் எங்க மூணு ஆளை விடட்டும், கல்லுக்கு மரியாதை குடுத்து எங்ககூட உக்காந்து பேசட்டும், அதுவரைக்கும் இவர் இங்க இருக்கட்டும்னு முடிவாச்சு. அதைத்தான் பேப்பர்ல கடத்தல்னு போட்டாங்களாம். கடத்தல்னா தூக்கிட்டுப் போறதுதானே? அவரு தானா வந்தாரு.

ஒன்பது நாள் எங்க வீட்டுலதான் இருந்தார். கயிறு கட்டலை அக்கா. என் கல்யாணச் சேலையைத்தான் நீளமாக் கிழிச்சுக் காலுக்கும் கம்பத்துக்கும் கட்டினோம். மெத்துன்னு இருக்கும். ரெண்டாவது நாளே எங்க வீட்டுக் களியைச் சாப்பிட்டார். மென்னுக்கிட்டே இருந்தார். "மெல்லக்கூடாது சார், முழுங்கணும்"னு அத்தை சொல்லச் சொல்லுச்சு. நான் சொல்லல. பாவம், ஒரு உருண்டைக்கு அரை மணி நேரம் மென்னார்.

வெளிய போறவங்க வர்றவங்க எல்லாம் உங்க பேச்சுல அரைகுறையாக் கிண்டல் பண்ணுவாங்க. "எங்க வீட்டை எண்ண வந்தவரு, இப்பக் கூரையில ஓட்டையை எண்றாரு. சார், எத்தனை ஆச்சு?" அவரும், "பதினேழும்மா, மழைக்கு முன்னாடி அடைச்சுடுங்க"ன்னு சொல்லுவார். சிரிப்பாங்க. நான் முந்தானையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன்.

இவனை அவர் மடியில போட்டுட்டுத்தான் நான் தண்ணிக்குப் போவேன். திரும்பி வந்தா ஏதாவது பேசிக்கிட்டு இருப்பார் இவன்கிட்ட. ஒரு நாள் இவன் மேப்பு மேலயே ஒண்ணுக்குப் போயிட்டான். நான் பயந்து நிக்கறேன், அவரு, "விடும்மா, இப்ப ஓடை சரியான இடத்துக்கு வந்துடுச்சு"ன்னார். இன்னொரு நாள், "கல்லுல எழுதினது நீதானே"ன்னு கேட்டார். எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "கையெழுத்து நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னார். வேற ஒண்ணும் கேக்கல.

நல்ல மனுசன் அக்கா. அதை நான் சொல்லித்தான் ஆகணும்.

ஒன்பதாவது நாள் சேதி வந்துச்சு. மூணு பேரையும் விட்டுடறோம், நீங்க அவரை ஓடைக்குக் கூட்டிட்டு வாங்கன்னு. ஊரே கொண்டாட்டம். ஆனா மூப்பர் மட்டும் தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தார். என்னன்னு கேட்டா, "சாம்பலை வெச்சாச்சே, எப்படி அனுப்பறது?"ன்னார்.

உங்களுக்கு இது விளங்காது. எங்க அடுப்புல சேந்தவங்க சும்மா எழுந்து போகமுடியாது. பொம்பளைன்னா கல்யாணம் கட்டி வேற அடுப்புக்குப் போவா, அதுக்குன்னு சடங்கு இருக்கு. ஆம்பளை அடுப்பை விட்டுப் போறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கும் சடங்கு இருக்கு. வேற சடங்கு எங்ககிட்ட இல்ல. உயிரோட ஒரு ஆம்பளை போனதே இல்லையே, எங்க போய்த் தேடறது? சாம்பலை எடுக்காம அனுப்பினா அடுப்பு அவரை விடாது, போற வழியிலயே ஏதாவது ஆயிடும்னு மூப்பர் பயந்தார். அவருக்கு நல்லது நெனச்சுத்தான் செஞ்சது. ஒருத்தருக்கும் மனசுல வேற எண்ணம் இல்ல.

குளிப்பாட்டினாங்க. வெள்ளை வேட்டி கட்டினாங்க. கண்ணாடியைக் கழட்டி ஒரு துணியில முடிஞ்சாங்க. வடக்க பாத்து உக்கார வெச்சு, அடுப்பாளுங்க ஒவ்வொருத்தரா வந்து வாயில நாலு சாமை போட்டாங்க. நானும் போட்டேன். உடம்பு கிடுகிடுன்னு ஆடுது அவருக்கு. ஓடைத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் அந்த மாசத்துல. குளிருதுன்னு நெனச்சு நான் ஒரு போர்வை கொண்டாந்து போத்தினேன். அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா"ன்னார்.

"தெரியும் சார், சொன்னீங்களே"ன்னேன்.

நீங்க ஏன் அழறீங்க அக்கா? உங்க ஊர்லயும் வாய்க்கு அரிசி போடுவாங்களா? எதுக்கு? செத்தவங்களுக்கா?

எனக்குத் தெரியாது அக்கா. ஆஸ்டல்ல யாரும் அதைச் சொல்லித் தரலையே. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அந்த ஆட்டம் குளிரு இல்ல. ஏழு மாசமா நான் குளிருன்னே நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

இருங்க, முழுசாச் சொல்லிடறேன். இப்ப நிறுத்தினா அப்புறம் எனக்கு வாய் வராது.

மூப்பர் என்னைக் கூப்பிட்டார். அவங்க பேச்சு உனக்குத்தான் நல்லாத் தெரியும், இதை அவர்கிட்டச் சொல்லிடுன்னு மூணு சேதி சொன்னார். ஒண்ணு, கல்லுக்கிட்டருந்து நாங்க பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடுவோம், பதில் குடுக்கக்கூடாது. ரெண்டு, திரும்பிப் பாக்கக்கூடாது. இந்த ரெண்டையும் இங்கயே சொல்லு. மூணாவதை ஓடையைத் தாண்டும்போது சொல்லுன்னார். "நாங்க வெட்டினது எங்க அடுப்பை மட்டுந்தான். உன் வீட்டுல உன்னைக் கூப்பிட்டா பதில் குடு. குடுத்தா எல்லாம் சரியாயிடும்." அடுப்புப் பொம்பளை வாயால அதைச் சொல்லணும். சொன்னாத்தான் முடிச்சு அவிழும்.

மொத ரெண்டையும் சொன்னேன். "கூப்பிட்டா பேசாதீங்க சார். திரும்பிப் பாக்காதீங்க." அவரு ஏன்னு கேக்கல. தலையை ஆட்டினார்.

நடந்தோம். அவரு முன்னாடி, நான் இவனை முதுகுல கட்டிக்கிட்டுப் பின்னாடி. கல்லுக்கிட்ட எல்லாரும் நின்னுக்கிட்டாங்க. தப்பட்டை அடிச்சு மூணு தடவை கூப்பிட்டாங்க. மலை பூரா அந்தப் பேரு போய் முட்டித் திரும்பி வந்துச்சு. அவரு நின்னார். நின்னு, ரெண்டு கையையும் காது கிட்டக் கொண்டுபோனார். பொத்தல. அப்படியே நடந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜீப்பு வந்துச்சு. எங்க ஆளுங்க இறங்கினாங்க. ஒருத்தர் இறங்கினார். இன்னொருத்தர் இறங்கினார். நான் மூணாவது ஆளுக்காகப் பாத்துக்கிட்டே இருக்கேன். கதவைச் சாத்திட்டாங்க.

"எழுதினவனை மட்டும் இப்ப விடமுடியாது, கேஸ் இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்"னு அங்கருந்து ஒருத்தர் சத்தம் போட்டுச் சொன்னார்.

உங்க வீட்டுக்காரர் தண்ணியில இறங்கிட்டார். முழங்கால் வரைக்கும் தண்ணி. நானும் இறங்கி அவர் பக்கத்துல போய் நின்னேன். ஊர்ப் பக்கம் திரும்பாம, பக்கவாட்டுல என்னையே பாத்தார். கண்ணாடி இல்ல, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தார். "அவ்வளவுதானாம்மா?"ன்னு கேட்டார்.

நான் ஒண்ணும் சொல்லல.

வெக்கந்தான் அக்கா. அங்க அத்தனை போலீஸ், கேமரா வேற. வாய் வரல. நான் எப்பவுமே அப்படித்தான், யாரை வேணா கேளுங்க. வெக்கம். வேற ஒண்ணுமில்ல.

அவரு அக்கரை ஏறிட்டார்.

ராத்திரி மூப்பர் கேட்டார், சொன்னியான்னு. சொன்னேன்னேன். அது ஒண்ணு மட்டும் வாய் தடுக்காம வந்துச்சு.

அடுத்த வாரம் போச்சு. அதுக்கு அடுத்த வாரமும் போச்சு. இவனுக்கு மூணாம் மாசம் நடக்குது. எங்க வழக்கத்துல மூணாம் மாசம் அப்பன்தான் அடுப்பு முன்னாடி வெச்சுக் காதுல பேரு சொல்லணும். அப்பன் இல்லைன்னா, அந்த அடுப்புல கடைசியாப் போன ஆம்பளை பேரு பிள்ளைக்கு வரும். பேரில்லாத பிள்ளையை எங்க ஜனத்துல சேத்து எண்ணமாட்டாங்க. ஒரு காய்ச்சல் வந்தாலும் இவனுக்காக மூப்பர் வேண்டிக்க முடியாது, யாருக்குன்னு சொல்லி வேண்டுவார்? அத்தை அந்தப் பேரையே இவன் காதுல சொல்லிடுச்சு.

ஆமா அக்கா. அதேதான். அதனாலதான் வந்ததும் கேக்காதீங்கன்னேன்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இவன் எங்க இருந்தாலும் திரும்புவான். குப்புற விழுந்துகூடத் திரும்புவான். நான் கூப்பிடறது இல்ல. அத்தை கூப்பிடும், பக்கத்து வீட்டுல கூப்பிடுவாங்க. நான் "டேய்"ம்பேன், "சாமி"ம்பேன். அந்தப் பேரு என் வாயில வந்ததே இல்ல. யாராவது கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் தண்ணியில நிக்கற காலுதான் தெரியும். வெள்ளை வேட்டி நனைஞ்சு ஒட்டிக்கிட்டு. அவரு பாத்துக்கிட்டே நிக்கறார், எப்ப சொல்லுவேன்னு.

நீங்க சொல்றீங்க, உங்க மாமியார் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கல்லு மாதிரி உக்காந்திருக்கார், கண்ணுல மட்டும் தண்ணி வருதுன்னு. ஆபீஸ்ல கூப்பிட்டாலும் அப்படித்தான், அதான் லீவுல அனுப்பிட்டாங்கன்னு. பொண்ணுங்க "அப்பா"ன்னாலும் திரும்பறது இல்ல, தொட்டாத்தான் பேசறார்னு. காது டாக்டர் காது நல்லா இருக்குன்னுட்டார்னு. காது நல்லாத்தான் இருக்கும் அக்கா. அவருக்குக் கேக்குது. பேசக்கூடாதுன்னு நான் சொன்னேன். பேசலாம்னு யாரும் சொல்லல. நான் சொன்னதை இன்னும் காப்பாத்திக்கிட்டு இருக்கார்.

இவன் அப்பன் இன்னும் வரல. நான் மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வரேன். அவரு இவனைக் காட்டச் சொல்லிப் பாப்பார். "பேரு வெச்சாச்சா?"ன்னு கேட்டார், போன மாசம். வெச்சாச்சுன்னேன். என்ன பேருன்னார். நான் சொல்லல. உனக்கு எல்லாத்துக்கும் வெக்கம்னு சிரிச்சார்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? அன்னைக்கு மூணாவது ஆளு ஜீப்புலருந்து இறங்கியிருந்தா, எனக்கு வாய் வந்திருக்குமா? நான் அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். பால் குடுக்கும்போது யோசிப்பேன். ராகி அரைக்கும்போது யோசிப்பேன். வெக்கந்தான்னு சொல்லிக்குவேன். வேண்டாம், நீங்க பதில் சொல்லாதீங்க.

மழைக்கு முன்னாடி மூப்பர்கிட்டக் கேட்டேன், வேற ஏதோ ஊர்ல நடந்த மாதிரி. அந்த மூணாவது சேதியைச் சொல்லாம விட்டா என்னாகும்னு. "அவன் ரெண்டு கரைக்கும் நடுவுல நிப்பான்"னார். எப்படிச் சரிபண்றதுன்னேன். "விட்டவளே கல்லுக்கிட்ட நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவன் பதில் குடுத்துட்டா ஆளு அக்கரை ஏறிடுவான். பேரும் அவன்கூடப் போயிடும், இங்க யார் வெச்சிருந்தாலும் அவங்ககிட்ட இருக்காது"ன்னார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பாத்தார். "ஏன் கேக்கற?"ன்னார். "சும்மா"ன்னேன்.

அன்னையிலருந்து நான் ஓடைப் பக்கம் போறதே இல்ல. தண்ணி மேல் ஊத்துல போய் எடுக்கறேன். ரெண்டு மடங்கு தூரம்.

நீங்க காலைத் தொடாதீங்க அக்கா. எழுந்திருங்க. என்னைவிடப் பெரியவங்க நீங்க. ஐயோ, எழுந்திருங்க.

இவனுக்குப் பேரில்லாமப் போயிடும். தெரியும். அத்தை என்னைக் கொன்னுடும். கொல்லட்டும். இவன் அப்பன் இருக்கார்ல? கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அப்பன் அப்பன்தானே? வர்ற மாசம் இவனைத் தூக்கிட்டுப் போய், கம்பி வழியாக் காதைக் காட்டறேன். அவரே ஒரு பேரு சொல்லட்டும். அடுப்பு இல்லாம சொன்னா செல்லுமான்னு மூப்பர் கேப்பார். சபையில வெச்சுக் கேக்கட்டும். நான் பேசறேன். கல்லுல எழுதினது யாருன்னும் அன்னைக்கே சேத்துப் பேசிடறேன்.

எல்லாம் ஒரே நாள்ல வராது அக்கா எனக்கு. இன்னைக்கு ஒண்ணு வரட்டும்.

வாங்க. கல்லு வரைக்கும் நூறு அடிதான். பாத்து வாங்க, வழுக்கும். அவரை வண்டியை விட்டு இறங்கச் சொல்ல வேண்டாம், கதவுக் கண்ணாடியை மட்டும் இறக்கியிருக்காரான்னு பாருங்க. இறக்கியிருக்காரா? சரி.

இவனைப் பிடிங்க. இடுப்புல வேண்டாம், மார்போட சேத்துப் பிடிங்க. ஒரு காதை மார்போட அழுத்தி, இன்னொரு காதைக் கையால பொத்திக்கிடுங்க. இன்னும் அழுத்தி. வலிக்காது, அழுதாலும் விட்டுடாதீங்க. அந்தப் பேருக்கு ஏழு மாசமா இவன்தானே திரும்பறான். இன்னைக்கு இவன் முந்திடக்கூடாது அக்கா.

பொத்திட்டீங்களா?

தீர்த்தகிரீ...